சும்மா அடித்த பிளாஷ்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், நீங்கள் மூன்று பேரும் பீரோவிலிருந்த பிளாஷை எடுத்துப் போய், தெருப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்துப் பளிச் பளிச்சென்று அடித்து விளையாடினீர்கள். கேமரா உங்கள் கையில் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். எதிர்வீட்டுப் பெண்குழந்தை உள்ளே ஓடிப் போய்ப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றது. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கை ஓங்கியது. பெரியவன் முதுகில் இரண்டு விழுந்தது. பேட்டரி தீர்ந்துவிடும் என்றுதான் அப்பா அடித்தார் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். பேட்டரி கிடக்கட்டும். அதை இன்னொரு தடவை சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அன்றைக்கு வாயால் சொல்ல வரவில்லை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன், மூன்று பேரும் படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில், ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில் நான் ஸ்டூடியோ போட்டது அறுபதுகளின் கடைசியில். அப்போது பிளாஷ் என்றால் பல்பு. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. ஒரு தடவை எரிந்ததும் அது கொப்பளித்துக் கருகிவிடும். கைக்குட்டையால் பிடித்துக் கழற்றிப் போட வேண்டும். கல்யாண வீடுகளில் அந்தக் கருகின பல்புகளைப் பொறுக்கக் குழந்தைகளுக்குள் அடிதடி நடக்கும். அந்தக் காலத்தில் இந்த விஷயத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. வெளிச்சம் வந்தால் படமும் வந்தது என்று அர்த்தம். சும்மா எரிக்கப் பல்பு யாரிடம் இருந்தது?

பிறகு, தோளில் மாட்டும் பேட்டரிப் பெட்டியோடு எலக்ட்ரானிக் பிளாஷ் வந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். வெளிச்சம் இனாமாகிவிட்டது. பிலிம்தான் கிடைக்காது. மெட்ராஸுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவர வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அந்த பிளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, நீங்கள் அமுக்கி விளையாடினீர்களே, அதேதான். பிளாஷ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த பொத்தான். அதை அமுக்கினால் கேமரா திறக்காது, வெளிச்சம் மட்டும் அடிக்கும். எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அந்தப் பொத்தானுக்கு வேறொரு வேலை கண்டுபிடித்தோம். மேடையில் பொண்ணு மாப்பிள்ளையோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஊரே வரிசையில் நிற்கும். எல்லாருக்கும் பிலிம் போட முடியாது. பாதிப் பேருக்கு அந்தப் பொத்தானை அமுக்கி அனுப்பிவிடுவோம். அதற்குச் சும்மா பிளாஷ் என்று பேர்.

நானும் செய்தேன். உங்களிடம் அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

யாருக்கு நிஜம், யாருக்குச் சும்மா என்பதை நாங்கள் முடிவு செய்ததில்லை. கல்யாண வீட்டுக்காரர் முடிவு செய்வார். தாசில்தார் ஆபீஸ் ஆட்கள், சம்பந்தி வீட்டார், ரைஸ்மில் முதலாளி, இவர்களுக்கு நிஜம். நடவு நட்டவள், துணி வெளுத்தவர், மாடு பார்த்துக்கொண்டவன், இவர்களுக்குச் சும்மா. இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கேமராவைப் பார்த்து யார் மிகவும் பயபக்தியாக நின்றார்களோ அவர்களுக்குத்தான் சும்மா.

ஊத்துக்கோட்டை ரோட்டில் ஓர் ஊர். ஊர்ப் பேர் வேண்டாம். அங்கே பம்ப்செட் வைத்து மூன்று போகம் நெல் எடுக்கிற பெரிய பண்ணைக்காரர் வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, மேடைக்குக் கீழே வரிசை சேர ஆரம்பித்தபோது, அந்தப் பண்ணைக்காரர் என்னைப் பந்தல் காலோரமாகக் கூப்பிட்டார்.

"எத்தினி ரோல் கொண்டாந்துகீற?"

"மூணு கீதுங்க ஐயா. ஒண்ணு தாலி கட்டறப்பவே முடிஞ்சிட்ச்சி."

"போதும். நான் துண்ட எட்த்துத் தோள்ல போட்டா நெஜம். கைய கட்டிக்கினு நின்னா சும்மா வெளிச்சம் காட்டி அனுப்பிடு. நடந்து வந்துதுங்க, அதுங்களுக்கும் ஒரு சந்தோசம் வேணும் இல்ல?"

அதுங்களுக்கு என்றார். நான் தலையாட்டினேன்.

வரிசை முடியப் போகும் நேரத்தில் ஓர் அம்மாள் மேடை ஏறினார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பழவேற்காட்டு ஏரியின் இந்தக் கரையில், சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, நம் பஜாரிலும் சுற்று ஊர்களிலும் கூடையில் இறால் சுமந்து, எறா, எறா என்று கூவி விற்கிறவர். கூடையில்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். புதுச் சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் ஓர் எவர்சில்வர் சொம்பு. அதைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து, தோளோடு தோள் சேர்த்து நிறுத்திக்கொண்டது.

நான் பண்ணைக்காரரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பொத்தானை அமுக்கினேன். பளிச்சென்று அடித்தது.

"தம்பி, கண்ண மூடிட்டேன் போலகீதே," என்றார் அந்த அம்மாள். "இன்னொரு தபா எடுக்கிறியா?"

"செரிக்கா. இந்தத் தபா நேரா பாருங்க."

இன்னொரு தடவை அமுக்கினேன்.

"இப்போ?"

"நல்லா வந்துகீதுக்கா," என்றேன்.

சிரித்துக்கொண்டே மேடை இறங்கிப் போனார். ஒரு துளி கூச்சமில்லாமல் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒரு பிடி எறாவைத் தாமரை இலையில் சுற்றி உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, படம் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் கழுவவில்லை என்றேன். அடுத்த வாரம் வந்தார். படம் எவ்வளவு பெரிசு இருக்கும், கண்ணாடிச் சட்டம் வாங்கி வைக்கலாமென்று பார்க்கிறேன் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? போஸ்ட்கார்டு சைஸு என்று சொன்னேன். இல்லாத படத்துக்கு அளவு சொன்னேன். அவர் கையை விரித்து அளவு வைத்துப் பார்த்துக்கொண்டு போனார்.

மூன்றாவது தடவை வந்தபோது நான் டார்க்ரூமுக்குள் இருந்தேன். அந்தச் சின்ன அறைக்கும் முன்கடைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பேப்பரைத் தட்டில் அலசிக்கொண்டிருந்தேன். அவர் உங்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது அப்படியே கேட்டது.

"அந்தப் பொண்ணு பொறந்தப்போ அவங்கம்மாவுக்கு ஜொரம். பால் இல்ல. எனக்கு அப்போ மூணாவது புள்ள கைக்கொழந்த. எறா விக்கப் போனவள நிறுத்தி, உள்ள வான்னு கூப்ட்டாங்க. பின்பக்கமா பூந்து, நெல்லு மூட்ட போட்டுக்கீற ரூம்ல குந்திக் குடுப்பேன். எட்டு மாசம், தெனம் ரெண்டு தபா."

"உம் புள்ளைக்கு?" இது உங்கள் அம்மா.

"அவனுக்கு மிச்சம் கீறது. பெரிய ஊட்டுக் கொழந்தயாச்சே, அத அழ வுட முடியுமா?"

உங்கள் அம்மா கதவோரம் வந்து, "இத பாருங்க, மத்த வேலயெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். பாவம், அந்தப் படத்த மொதல்ல போட்டுக் குடுங்க," என்றாள். படமே எடுக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"பால் குட்த்தவங்களுக்கு நீங்க வெளிச்சம் குட்த்தீங்களா? போய் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்தேன்.

"அக்கா, அந்தப் படம் இல்ல."

"இன்னும் கழுவலியா?"

"எடுக்கவே இல்லக்கா. வெறும் வெளிச்சம் மட்டும் அட்ச்சேன். பெரியவரு அப்பிடிச் செய்யச் சொன்னாரு."

அவர் இடுப்பிலிருந்த கூடையை இறக்கித் தரையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"செரி, அவரு சொன்னாரு, நீ மொத தபா அட்ச்ச. நான் கண்ண மூடிட்டேன்னு சொன்னேனே, ரெண்டாந்தபா இன்னாத்துக்கு அட்ச்ச? அதயும் அவரா சொன்னாரு?"



உள்ளே வந்து உட்காருங்கள், இப்பொழுதே பெரிசாக ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் கூடையை மறுபடியும் இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"என் மூஞ்சிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அது எனக்குத் தெரிஞ்ச மூஞ்சிதான். அந்தப் பொண்ணுகூட நின்ன படந்தான் நான் கேட்டேன். அது எங்கூட்லயே இருக்கப் போற பொண்ணு இல்ல, படமாவது இருக்கட்டும்னு கேட்டேன்."

அன்றைக்கு மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனேன். பெண் ஊருக்கு வரும்போது ஒரே ஒரு படம், பிலிம் என்னுடையது, நீங்கள் சரி என்று சொன்னால் போதும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி ஊட்ல ஆல்பத்தப் பொரட்டுவாங்க. பொண்ணப் புட்ச்சிக்கினு நிக்கிறாளே, இவ யாருன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?"

"பால் குட்த்து வளத்தவங்கன்னு சொல்லுங்க ஐயா."

"யாருப்பா வளத்தது? நான் வளத்தேன். அப்பவே அதுக்கு நெல்லு அளந்தாச்சி. வாங்கிக்கினு போனா. அத்தோட செரி."

"ஆல்பத்துல ஒட்ட வேணாம் ஐயா. அவங்களுக்கு மட்டும்."

"உன் வேல வெளிச்சம் போடறது. நாயம் பேசறதுக்கு நான் உன்னக் கூப்புடல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பி வரும் வழியில் சைக்கிளை ஏரிக்கரை மண்ணில் இறக்கிவிட்டேன். நெல் அளந்தாராம். குழந்தை அழும்போது பின்வாசல் வழியாக உள்ளே கூப்பிடத் தெரிந்தது. குழந்தை வளர்ந்து பட்டுச் சேலை கட்டி நிற்கும்போது, அதே அம்மாள் முன்வாசல் வழியாக வந்து பக்கத்தில் நின்றால் யார் என்று சொல்லத் தெரியாது. அவர் கொண்டுவரும் எறா அந்த வீட்டுச் சட்டியில் வேகலாம். அவர் முகம் அந்த வீட்டு ஆல்பத்தில் இருக்கக் கூடாது. நீங்களே சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்? அந்த அநியாயத்துக்கு என் கேமராவைத் திரையாகப் பிடித்தது நான்தானே என்று நினைத்தபோது, கோபம் அவரை விட்டு என் பக்கமே திரும்பியது.

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணின் வளைகாப்புக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். முன்பே பேசிவைத்தது. அந்த எறாக்கார அம்மாளுக்கு அழைப்பு இல்லை. பெண்ணை மணையில் உட்காரவைத்து, முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா என்று நான் கிட்டே போய்ச் சொன்னபோது, அந்தப் பெண்ணே மெதுவாகக் கேட்டது.

"எறாக்காரம்மாகூட எடுத்த ரெண்டு படமும் ஆல்பத்துல இல்லியே. நல்லா வரலியா?"

"எடுக்கவே இல்லம்மா," என்றேன். இனிமேல் ஒரு பொய்யும் என் வாயில் வராது என்று இருந்தது.

அது நிமிர்ந்து, தூரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தது. யாரோ வளையல் போடக் கையை இழுத்தார்கள். கையை நீட்டிக்கொண்டே சொன்னது: "ஒம்போதாம் மாசம் பூச்சட வெச்சிப் படம் எடுக்க உங்க கடைக்குத்தான் வருவோம். அன்னிக்கி அவங்களயும் வரச் சொல்லுங்க."

பூச்சடைப் படம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குச் சடை முழுக்கப் பூ தைத்து, ஸ்டூடியோவில் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி எடுப்போம். முகம் கேமராவைப் பார்க்கும், சடை பின்னால் கண்ணாடியில் தெரியும்.

எறாக்கார அம்மாளிடம் பஜாரில் போய்ச் சொன்னேன். "திரும்பவும் பொத்தான அமுக்கி வெளாட்டுக் காட்டப் போறியா?" என்றார். பக்கத்தில் நெத்திலி விற்றுக்கொண்டிருந்தவர் சிரித்தார். "கேமராவ எனக்குத் தொறந்து காட்டணும். அப்பிடின்னா வரேன்," என்றார்.

சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அதே கல்யாணச் சேலை. அவர் கண் முன்னாலேயே ரோலைப் பிரித்து, பிலிமின் நுனியை மாட்டி, மூடி, திருகினேன். கேமராவின் முதுகில் இருந்த சிவப்புக் கண்ணாடித் துளையில் ஒன்று என்ற எண் வந்து நிற்பதைக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பர் பார்த்துப் பழகியதால் எண் தெரியும்.

பெண்ணும் அதன் அம்மாவும் வாடகைக் காரில் வந்தார்கள். பண்ணைக்காரர் திருவள்ளூருக்குப் போயிருந்தார். அந்த வீட்டம்மா எறாக்கார அம்மாளைப் பார்த்து, "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னிடம், "சீக்கிரமா எட்த்துடுங்க. என்ன எடுக்க வேணாம். அவருக்குத் தெரிஞ்சா பேஜாரு," என்று சொல்லிவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றுகொண்டார்.

பெண்ணைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். எறாக்கார அம்மாளைப் பக்கத்தில் நிறுத்தினேன். எட்டடி தூரத்தில் நின்று குனிந்து கேமராவுக்குள் பார்த்தேன். விளக்கு கண்ணாடியில் விழவில்லை. அதை மட்டும் பார்த்தேன். அதன் பிறகு இருவர் முகத்தைவிட்டு என் கண் வேறெங்கும் போகவில்லை.

அமுக்கினேன். உடனே அந்த அம்மாள், "திருப்பு. நம்பரு மாறுதா பாக்கறேன்," என்றார். திருகிக் காட்டினேன். துளையில் இரண்டு வந்து நின்றது. குனிந்து பார்த்துவிட்டு, "செரி," என்றார். பிறகு பெண்ணின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வீட்டுக்குக் கொடுப்பதற்காகப் பெண்ணை மட்டும் தனியாக ஒன்று எடுத்து அனுப்பினேன்.

பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டபோதுதான் என் தப்பு தெரிந்தது. கண்ணாடியில், பூச்சடைக்குப் பக்கத்தில், கதவோரம் நின்ற வீட்டம்மாவின் முகம் தெளிவாக விழுந்திருந்தது. கேமராவைப் பார்க்கவில்லை. எறாக்கார அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்தை வெட்டினால் சடையும் போய்விடும். உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "அவங்களையே கேட்டுடுங்க," என்றாள். தனிப்படத்தைக் கொடுக்கப் போனபோது இதையும் எடுத்துப் போய் அந்த வீட்டம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றார். பிறகு, "இருக்கட்டும். அவகிட்டயே குட்த்துடுங்க," என்றார்.

படத்தோடு நெகட்டிவையும் ஒரு கவரில் போட்டு எறாக்கார அம்மாளிடமே கொடுத்துவிட்டேன்.

குப்பத்துச் சுவரில் மாட்டின படம் எத்தனை நாள் குப்பத்துக்குள்ளேயே இருக்கும்? ஒரு மாதத்தில் பண்ணைக்காரர் காதுக்குப் போய்விட்டது. காலை நாஷ்டா நேரத்தில் கடைக்குள் வந்து நின்றார்.

"என் பொண்ணும் பொஞ்சாதியும் எவ ஊட்டுச் செவுத்துலயோ தொங்கறாங்களாமே. நெகட்டிவ எடு."

"அது எங்கிட்ட இல்லீங்க ஐயா. அவங்ககிட்டக் குட்த்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குட்த்த?"

"படத்துல கீறவங்களக் கேட்டுக் குட்த்தேன்."

அவர் மனைவி சரி என்று சொன்னதை மட்டும் நான் வெளியே விடவில்லை. மூன்றாவது முகம் எப்படி வந்தது என்று கேட்டார். என் கவனக்குறைவு என்றேன், அது உண்மையும்கூட. எங்கள் ஜனத்தில் ஒரு கல்யாணத்துக்கும் இனி நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். ஊத்துக்கோட்டை ரோட்டில் ஒரு பந்தலில்கூட அதற்குப் பிறகு நான் ஏறவில்லை. அந்த வழியாக நாம் போகும்போதெல்லாம், இங்கே இவ்வளவு கல்யாணம் நடக்கிறதே, உங்களை ஏன் கூப்பிடுவதில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இதுதான் காரணம்.

அவர் வந்துபோனது பஜாரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து எறாக்கார அம்மாள் கடை வாசலில் வந்து நின்றார். கூடையை இறக்கவில்லை.

"பெரியவரு வந்து சத்தம் போட்டாராமே. உனக்குப் பொழப்பு போய்ட்ச்சின்னு சொல்றாங்க."

"வேற ஊரு இல்லியாக்கா? பாத்துக்கலாம்."

"படத்தத் திருப்பிக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"உங்ககிட்ட கீதுன்னு சொன்னேன்."

"எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு," என்றார். "நானே பதில் சொல்லிக்கிறேன்."

கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டு பஜாருக்குள் நடந்தார். எறா, எறா என்று அவர் விற்றுக்கொண்டு போகும் சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது.